சேவல் படம் போட்ட நாற்பது போத்தல்கள்

பெருவிரலால் ஒருதரம் தேய்த்தேன். சேவலின் வால் கழன்று வந்தது.

லுசேர்ணில் நாங்கள் இருந்த கட்டடத்தின் நிலவறை அது. ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த சிறிய அறை ஒன்று கீழே உண்டு. மகள் சரண்யாவைக் கைக்குழந்தையில் குளிக்கவார்த்த பிளாஸ்ரிக் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தேன். தொட்டிக்குள் மூக்கில் ஏறும் புளிப்பு மணத்தோடு தண்ணீர். தண்ணீருக்குள் ஆறு பியர்ப் போத்தல்கள். கையில் இறப்பர் உறை.

இரண்டு நாள் ஊறியதில், போத்தலில் அடித்திருந்த வெள்ளை மை சுண்ணாம்புபோல இளகியிருந்தது. வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரிப் போனது. முதலில் வால். பிறகு செட்டை. பிறகு கீழே சிவப்பில் இருந்த பியர்க் கொம்பனியின் பெயர். கடைசியாகக் கொண்டை. முருகனின் சேவலை உரிக்கிறேனோ என்று ஒரு கணம் யோசித்தேன். சுவிஸ் சேவல்தானே என்று தொடர்ந்து தேய்த்தேன்.

மிஞ்சியது வெறும் மண்ணிறப் போத்தல். மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இனி இது பியர்ப் போத்தல் இல்லை என்று நினைத்தேன்.

என்னுடைய பெரிய பிழை அந்த நினைப்புத்தான்.

கதவடியில் ஒரு கேள்வி

ஹோட்டலில் பாத்திரம் கழுவிய வருசங்களைப் பற்றிப் போன கிழமை எழுதியதை வாசித்த ஒருவர், "குடித்தேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு ஓடிவிட்டீர்களே" என்று கேட்டிருந்தார். ஓடித்தான் விட்டேன். இப்போது சொல்கிறேன்.

குடித்த கதையில் புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் ஜெனீவாவுக்கு ரயிலேறிப் போய், ஊரில் போரை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு சனமாக நின்று கத்தியவர்களில் நானும் ஒருவன். அந்த வைகாசிக்குப் பிறகு கத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வேலை முடிய ஒரு போத்தல் பியர் என்று தொடங்கினேன். எத்தனையில் போய் நின்றது என்று நான் எண்ணவில்லை. என் மனைவி வசந்தி எண்ணினாள்.

வெறும் போத்தல்களை எங்கள் பகுதியில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் போடமாட்டேன். தமிழ்ச்சனம் கண்டுவிடும். ஒவ்வொன்றையும் துவாயில் சுற்றி முதுகுப் பைக்குள் வைத்து, பஸ்ஸில் நாலு தரிப்பிடம் தள்ளிப் போவேன். மண்ணிறத்துக்கு ஒரு துவாரம், பச்சைக்கு ஒரு துவாரம், வெள்ளைக்கு ஒரு துவாரம். கையை உள்ளே விட்டு மெதுவாக வைப்பதுபோலப் போடுவேன். எவ்வளவு மெதுவாகப் போட்டாலும் அது விழுந்து உடைகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. குடிக்கும்போது, ஈரத்தில் நனைந்த லேபலைப் பெருவிரலால் உரித்துக்கொண்டிருப்பேன். கதைக்க ஆள் இல்லாதவனுக்குக் கைக்கு ஒரு வேலை. நகத்துக்குள் காகிதப் பசை கிடக்கும். வசந்தி சோறு போடும்போது என் கையைப் பார்ப்பாள். அவளுக்கு அது போதும்.

ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டேன். அந்த நாளைப் பற்றி விரிவாக எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வசந்தியின் அண்ணன் குலம் ஜெனீவாவிலிருந்து வந்திருந்தார். சாமிப்படத்துக்கு முன்னால் என்னை நிறுத்திச் சத்தியம் வாங்கினார். "இந்த வீட்டுக்குள்ள இனிப் பியர்ப் போத்தல் வராது." அவர் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். அதன்பிறகு குடிக்கவில்லை.

அன்று தொடக்கம் வசந்திக்கு ஒரு வழக்கம் வந்தது. வேலையால் வந்து, நான் பையிலிருந்து திறப்பை எடுக்க முன்னரே கதவு திறக்கும். படியில் என் சப்பாத்துச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"வந்திட்டியளோ. சாப்பிட்டியளோ?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனியள்?"

ஓம் என்ற ஒரு சொல்லில் வருகிற மூச்சு அவளுக்குக் காணாது. "உருளைக்கிழங்கும் இறைச்சியும் தந்தவங்கள், கொஞ்சம் சலாட்டும் இருந்தது" என்று நான் நீட்டிச் சொல்லவேண்டும். அவள் என் முகத்துக்குக் கிட்ட நின்று கேட்பாள். ஏன் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆறு வருசம் அப்படியே போனது.

நான் கோபிக்கவில்லை. கோபிக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் என் வீட்டுத் திறப்பு ஆறு வருசமாகப் பாவிக்காமல் என் பைக்குள் கிடந்தது. அது மட்டும் சில நேரம் மனதில் குத்தும்.

கதிரை அடுக்கிற வேலை

சரண்யா மருந்துக்கடை ஒன்றில் மூன்று வருசத் தொழிற்பயிற்சியை முடித்தாள். ஐம்பது பேரைக் கூப்பிட்டுச் சின்னதாக ஒரு கொண்டாட்டம் வைப்பது என்று வசந்தியும் குலமும் தொலைபேசியில் முடிவெடுத்தார்கள். தேவாலயத்து மண்டபம், சாப்பாடு, கேக் எல்லாம் அவர்களே பேசி முடித்தார்கள்.

"நான் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"நீங்கள் கதிரையளை அடுக்கினாக் காணும்."

வசந்தி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குடித்த வருசங்களில் என்னிடம் தந்த காரியம் எதுவும் ஒழுங்காக முடிந்ததில்லை. அதனால் எல்லாருக்கும் என்னைத் தவிர்த்து யோசிப்பது பழகிப்போயிருந்தது. ஆனால் சரண்யா எனக்கும் மகள்தானே. அந்த மேசையில் என் கையால் செய்த ஏதாவது ஒன்று இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஹோட்டல் குசினியில் என்னோடு வேலைசெய்த சமையல்காரர் ஒருவர், பியாற் என்று பெயர். வீட்டில் சொந்தமாகப் பியர் காய்ச்சுகிறவர். இடைவேளையில் அதைப் பற்றியே கதைப்பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என் ஜேர்மன் மொழி கேட்பதற்குத்தான் நல்லது.

"சிவா, மகளின்ர விழாவுக்கு நான் இருபது போத்தல் தரட்டோ?" என்றார்.

"நாங்கள் குடிக்கிறதில்லை."

"அப்ப இஞ்சியில செய். இஞ்சி, சீனி, தேசிக்காய், கொஞ்சம் ஈஸ்ற். மூன்று நாளில காஸ் பிடிக்கும். உடன குளிர்ப்பெட்டிக்குள்ள வைச்சிடு. கூட நாள் வெளியில வைச்சா அது வேற பாதையில போகும். ஆனா போத்தல் முக்கியம். ஜாம் போத்தல், வைன் போத்தல் எல்லாம் வெடிக்கும். கம்பி மூடி போட்ட பியர்ப் போத்தல்தான் தாங்கும்."

அவரிடம் அப்படி இரண்டு பெட்டி, நாற்பது போத்தல் சும்மா கிடந்தது. காகித லேபல் ஒட்டியவை அல்ல. கண்ணாடியிலேயே மையால் சேவலும் பெயரும் அடித்தவை.

"எவ்வளவோ முயற்சி செய்தன், போகுதில்லை. என்ர பியரை வேற ஒருத்தன்ர சேவலோட ஆருக்கும் குடுக்க எனக்கு விருப்பமில்லை. நீ கொண்டுபோ."

முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்கு வசந்தி போயிருந்த நேரம் பார்த்து, பியாற்றின் காரில் போத்தல்களைக் கொண்டுவந்து நேரே நிலவறையில் இறக்கினேன். வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. சேவலையும் பெயரையும் எடுத்துவிட்டால் அது வெறும் கண்ணாடி. அதன் பிறகு மேலே கொண்டுபோகலாம். சத்தியமும் நிற்கும். அதுதான் என் கணக்கு.

வசந்தியிடம் சொல்லியிருக்கலாம். நாலு வசனம்தான். ஆனால் எனக்குக் கதைப்பது எப்போதும் கஷ்டம். மனதுக்குள் ஒரு வசனத்தை எழுதி, வெட்டி, திரும்ப எழுதி முடிக்கும்போது எதிரில் நின்றவர் போயிருப்பார். பியர்ப் போத்தல் என்ற சொல்லை அவளுக்கு முன்னால் எப்படித் தொடங்குவது?

"விழாவுக்கு நான் இஞ்சிச் சோடா செய்யிறன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "செய்யுங்கோ" என்றாள்.

பழைய பிழை ஒன்று

காகித லேபல் என்றால் எனக்கு விளையாட்டு. சுடுதண்ணீரும் சோடாத் தூளும் போட்டுப் பத்து நிமிசம் விட்டால் தானாக மிதக்கும். அதே சுடுதண்ணீருக்குள் சேவல் ஒரு இரவு கிடந்து குளித்தது. ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி அடுப்பைச் சுரண்டும் பிளேட்டால் சுரண்டினேன். பிளேட் மழுங்கியது. கம்பிப் பஞ்சால் தேய்த்தேன். சேவலோடு கண்ணாடியும் கீறுப்பட்டது. கீறின போத்தல் காஸுக்கு வெடிக்கும் என்று பியாற் சொன்னதால், அந்த ஒன்றை ஒதுக்கிவிட்டுத் தேய்ப்பதையும் நிறுத்தினேன்.

அப்போதுதான் ஹோட்டலில் நான் பேச்சு வாங்கிய ஒரு நாள் ஞாபகம் வந்தது.

பெரிய கழுவும் இயந்திரத்தில் தண்ணீரின் கல் வெள்ளையாகப் பிடிக்கும். அதை எடுக்க ஒரு அமிலம் ஊற்றி ஓடவிடுவோம். வீடுகளில் கேத்தலுக்கும் அதையே பாவிப்பார்கள், என்ட்கால்கர் என்பார்கள். முன்பு ஒரு தடவை, ஒரு தட்டுக் கிளாஸ் உள்ளே இருந்ததைக் கவனிக்காமல் அமிலத்தை ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். வந்து பார்த்தால் கிளாஸில் அடித்திருந்த ஹோட்டல் சின்னம் கையோடு வந்தது. பொறுப்பாளர் எல்லாருக்கும் முன்னால் அந்தக் கிளாஸை உயர்த்திக் காட்டி, "சிவா எங்கட ஹோட்டலையே கழுவி ஊத்திப்போட்டார்" என்றார். குசினி முழுக்கச் சிரித்தது. பல மாதம் அதை நினைத்தாலே காது சூடாகும்.

இப்போது அந்த நினைவு வந்ததும் குந்தியிருந்த இடத்திலிருந்து எழும்பிவிட்டேன். அமிலத்துக்கு மை விடும்.

கடையில் இரண்டு போத்தல் என்ட்கால்கர் வாங்கினேன். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கலந்து, நிலவறை யன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொண்டேன். வெள்ளையாக்கும் ஜாவெல் தண்ணீரை மட்டும் கிட்டவும் கொண்டுவரவில்லை. இரண்டும் சேர்ந்தால் வருகிற நஞ்சுப் புகையைப் பற்றி ஹோட்டலில் முதல் நாளே சொல்லித்தந்திருந்தார்கள்.

முதல் நாலு போத்தலைக் கம்பி மூடியோடு ஊறப்போட்டது முட்டாள்தனம். கம்பியில் குமிழி கிளம்பி, அடுத்த நாள் கரியாகிக் கிடந்தது. அந்த நாலையும் ஒதுக்கினேன். பிறகு கம்பிகளைக் கழற்றி, ஒரு பேணிக்குள் போட்டுவைத்துவிட்டு ஊறவைத்தேன். ஆறு ஆறாக, இரண்டு இரண்டு நாள். தேய்த்ததும் நல்ல தண்ணீரில் மூன்று தரம், சோடாத் தண்ணீரில் ஒரு தரம் கழுவினேன். நாலு போத்தலில் சேவல் கடைசிவரை அசையவில்லை. அவை எந்த அடுப்பில் சுட்டவையோ தெரியாது. மிஞ்சியது முப்பத்தொன்று.

ஒன்றை மட்டும் நான் பெரிதாக எடுக்கவில்லை. காய்ந்த போத்தலைச் சரித்துப் பிடித்தால், மை இருந்த இடம் நிழல் மாதிரி இலேசாகத் தெரியும். நேரே பார்த்தால் தெரியாது. யார் சரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

இஞ்சியைக் காய்ச்சி முதல் போத்தலைப் பியாற்றிடம் கொண்டுபோனேன். நான் ருசி பார்க்கவில்லை. ஈஸ்ற் மணம் எழும்பியபோது எனக்குள் ஏதோ பழையது எழும்பியது. பயந்துபோய் மூடியை அமத்தினேன்.

பியாற் ஒரு மிடறு குடித்தார். முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"தொண்டை எரியுது, சிவா. ஆக்கள் சாகப்போகினம்."

ஆகவே இஞ்சியைப் பாதியாகக் குறைத்தேன்.

சேவல் கூவியது

ஞாயிறு மத்தியானம். கதிரைகளை அடுக்கிவிட்டு, மண்டபத்துக் குளிர்ப்பெட்டிக்குள் முதல் நாளே வைத்திருந்த முப்பத்தொரு போத்தலையும் எடுத்து வெள்ளைக் கடதாசி விரித்த மேசையில் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் கடதாசிக் கோப்பைகள். தூர நின்று பார்க்க அழகாக இருந்தது.

முதலில் வந்தவர் குலம் மச்சான். ஒரு போத்தலைத் தூக்கினார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். உள்ளே கலங்கல். அடியில் மண்டி.

"என்ன மச்சான் இது? பேரும் இல்லை, ஊரும் இல்லை."

"இஞ்சி" என்றேன்.

"ஊரில கசிப்புத்தான் இப்பிடி வாறது. சொந்தமா வடிக்கத் தொடங்கிட்டியோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கசிப்பு என்றால் எங்கள் பக்கத்தில் களவாகக் காய்ச்சுகிற சாராயம். அது ஒருநாளும் லேபல் ஒட்டிய போத்தலில் வருவதில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பேரைக் கண்டு சனம் கதைக்குமே என்று பயந்து இரண்டு கிழமைக்கு மேலாகத் தேய்த்தேன். பேரில்லாத போத்தலைத்தான் எங்கள் சனம் கூடப் பயப்படும் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. பியர்ப் போத்தலை நானே பாடுபட்டுக் கசிப்புப் போத்தலாக்கியிருந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. குளிர்ப்பெட்டிக்குள்ளிருந்து வந்த போத்தல்களில் பனி பிடிக்கத் தொடங்கியிருந்தது. மை இருந்த இடத்தில் பனி வேறு மாதிரிப் பிடித்தது. குலம் போத்தலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"பொறு, பொறு. சேவல் கூவுது மச்சான். இது பியர்ப் போத்தலெல்லோ?"

மேசையைப் பார்த்தேன். முப்பத்தொரு போத்தலிலும் பனிக்குள் முப்பத்தொரு சேவல் நின்றது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எடுத்த கோப்பையை ஒருவர் திரும்ப வைத்தார். மனதுக்குள் நான் வசனத்தை எழுதத் தொடங்கினேன். இதை ஹோட்டலில், இல்லை, பியாற் என்று ஒருவர், இல்லை. வெட்டி வெட்டி எழுதிக்கொண்டு நின்றேன்.

வசந்தி றோல்ஸ் தட்டோடு வந்தாள்.

"வசந்தி, இதைப் பார்" என்றார் குலம். "சாமிக்கு முன்னால நிண்டு சொன்ன மனிசன்."

அவள் தட்டை வைத்தாள். அவர் கையிலிருந்த போத்தலை வாங்கினாள். பெருவிரலால் கம்பியைத் தள்ளினாள். டொக் என்று மூடி திறந்தது. போத்தல் வாயை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தாள். அந்த மூச்சு எனக்குப் பழக்கமான மூச்சு. பிறகு ஒரு கோப்பையில் ஊற்றி, எல்லாரும் பார்க்க, பாதியைக் குடித்தாள்.

"உறைப்புக் காணாது" என்றாள்.



"அண்ணை, இது இஞ்சி. கீழ நிலவறையில குந்தியிருந்து செய்தவர். ஒவ்வொரு போத்தலாத் தேய்ச்சவர். நான் உடுப்புத் தோய்க்கப் போகேக்கை சட்டத்துக்குள்ளால பார்த்தனான்."

"பார்த்தனியோ? பிறகேன் கேக்கேல்லை?"

"சொல்லுவார் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்." என் பக்கம் திரும்பினாள். "சொல்லேல்லை."

 

"பியாற் உறைப்பெண்டு சொன்னவர். அதுதான் குறைச்சனான்" என்றேன். இவ்வளவு நேரம் யோசித்து வாயில் வந்தது அதுதான்.

"வெள்ளைக்காரனிட்டையோ உறைப்புக் கேட்டனியள்?" என்றாள் வசந்தி. அதற்குத்தான் மண்டபம் சிரித்தது.

குலம் ஒரு கோப்பை குடித்தார். இன்னும் ஒன்று ஊற்றிக் குடித்தார். "ஓம், காணாதுதான்" என்று தங்கையை ஒத்துக்கொண்டு மூன்றாவது தரம் கோப்பையை நீட்டினார்.

சரண்யா தன் கைப்பையிலிருந்து மருந்துக்கடையின் வெள்ளைப் பிளாஸ்ரர்ச் சுருள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வசந்தி அதைத் துண்டு துண்டாகக் கிழித்து, பேனையால் இஞ்சி என்று எழுதினாள். ஒவ்வொரு போத்தலையும் சேலைத் தலைப்பால் துடைத்து, சேவல் நின்ற இடம் பார்த்து ஒட்டினாள். நான் போத்தலைப் பிடித்துக்கொடுத்தேன். அதன் பிறகு பிள்ளைகள் வந்தார்கள். கேக் வெட்ட முதல் மேசை வெறுமையாகிவிட்டது.

வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது, வெறும் போத்தல் பெட்டிகள் இரண்டும் எங்கள் காலடியில் இருந்தன. எந்தத் தமிழனும் பார்க்கலாம்.

"நாளைக்குப் பியாற்றிட்டத் திருப்பிக் குடுத்திடுறன்" என்றேன்.

"ஏன்? கழுவி மேல கொண்டுவாங்கோ. அடுத்த முறை இஞ்சியைக் கூடப் போடுங்கோ."

அடுத்த நாள்

திங்கட்கிழமை வழக்கம்போல வேலையால் வந்தேன். படியேறினேன். சப்பாத்துச் சத்தம் வழக்கமான சத்தம்தான். கதவுக்கு முன்னால் வந்து நின்றேன். கதவு திறக்கவில்லை.

அவள் வீட்டில் இல்லையாக்கும் என்று நினைத்தேன். உள்ளே தாளிக்கிற மணம் வந்தது. என்ன சாப்பிட்டேன் என்று சொல்ல ஆயத்தமாக, மூச்சைச் சரிசெய்துகொண்டு, மணியை அடித்தேன்.

"திறப்பு இருக்குத்தானே" என்று குசினிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

பைக்குள் கையை விட்டுத் தேடினேன். அடியில், பழைய பஸ் ரிக்கற்றுகளுக்குக் கீழே கிடந்தது.